தையல் வலியும் சிறுநீர்க் கசிவும்: எதை முதலில் கவனிப்பது?

வணக்கம் சகோதரி. சுகப்பிரசவமாகி மூன்று வாரமான நிலையில், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்றும், தையல் போட்ட இடத்தில் இரண்டு நாளாக வலி கூடியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கசிவே உங்களை அதிகம் வருத்துகிறது. மருத்துவச்சியான எனக்கோ அந்த வலிதான் முதலில் கவலையளிக்கிறது.

தையல் காயத்தின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டுமே தவிர, கூடக் கூடாது. ஆகவே இன்றே காயத்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், குளிர் நடுக்கம், துர்நாற்றத்துடன் உதிரப்போக்கு, அடிவயிற்று வலி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் தொற்று சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாக மாறக்கூடும். நாப்கின் மாற்றிய பின் கை கழுவுவதை யாரும் மறப்பதில்லை. மாற்றுவதற்கு முன் கழுவுவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காயத்தைக் காப்பது அதுதான்.

கசிவுக்குக் காரணம் பிரசவத்தில் தளர்ந்துபோன இடுப்புத்தளத் தசைகள், அதாவது சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள். காயத்தைப் பார்த்தவர் சரி என்றதும் பயிற்சியைத் தொடங்குங்கள். வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவது போல் தசையை மேல்நோக்கி இழுத்து, மூச்சைப் பிடிக்காமல் சில நொடிகள் வைத்திருந்து, பிறகு முழுமையாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு 8 தடவை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் செய்யுங்கள். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்திப் பழகாதீர்கள். மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகும் கசிந்தால், “பிள்ளை பெற்றால் இப்படித்தான்” என்று யார் சொன்னாலும் ஏற்காமல், இடுப்புத்தளப் பயிற்சியில் தேர்ந்த பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பும்படி கேளுங்கள்.