பேஸ்மேக்கரும் தலைகீழ் டி அலையும்

கேள்வி: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்து மூன்று மாதம் ஆகிறது. சொந்தத் துடிப்பு ஓடும்போது எடுத்த ஈசிஜியில் டி அலைகள் (துடிப்புக்குப் பின் கீழறைத் தசை மின்னளவில் ஓய்வுக்குத் திரும்புவதைக் காட்டுபவை) தலைகீழாக இருக்கின்றன. ட்ரோபோனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நார்மல். 'இதய நினைவு' என்கிறார் டாக்டர். மாரடைப்பு இல்லைதானே? – வாசகி, கும்பகோணம்

பதில்: டாக்டர் சொன்னது உண்மையிலேயே இருக்கும் நிலைதான். வலது கீழறையிலிருந்து பேஸ்மேக்கர் தூண்டும்போது மின்னோட்டம் வழக்கமான பாதையை விட்டு, தசைக்குத் தசை மெதுவாகப் பரவுகிறது. ஈசிஜியில் கீழறைகளின் தூண்டலைக் காட்டும் கியூஆர்எஸ் அலை அகலமாகிறது. தசை செல்களின் பொட்டாசியம் வாயில்கள் அதற்கேற்ப மாறிக்கொள்கின்றன. சொந்தத் துடிப்பு திரும்பினாலும் இந்த மாற்றம் உடனே மறைவதில்லை. டி அலை, முன்பிருந்த அகலமான கியூஆர்எஸ் நோக்கிய திசையிலேயே சாய்ந்திருக்கும். 1982-ல் அர்ஜென்டினாவின் மொரிசியோ ரோசன்பாம் குழு இதை விவரித்தது. இதயத்தின் இடது மின்பாதையில் விட்டுவிட்டு வரும் அடைப்பிலும் (இடது கிளை அடைப்பு), டபிள்யூபிடபிள்யூ என்ற பிறவிக் கூடுதல் மின்பாதையை அபிலேஷன் முறையில் சுட்டு நீக்கிய பிறகும் இதைப் பார்க்கலாம். தூண்டல் நீண்ட நாள் நடந்திருந்தால் மறைய வாரக்கணக்கில் ஆகும்.

இதயத்தை வெவ்வேறு கோணங்களில் காட்டும் ஈசிஜி பதிவுகளை லீடுகள் என்பார்கள். அவற்றை வைத்து அடையாளம் காண ஒரு வழி உண்டு: ஏவிஎல் லீடில் டி அலை மேல்நோக்கி, லீட் 1-ல் மேல்நோக்கி அல்லது தட்டையாக, மார்பு லீடுகளின் தலைகீழ் ஆழம் லீட் 3-ஐ விட அதிகம். மூன்றும் சேர்ந்திருந்தால் நினைவின் பக்கமே சாயலாம். ஈசிஜி இயந்திரம் தானாக அச்சடிக்கும் 'ரத்த ஓட்டக் குறைவு' வரியை மட்டும் நம்பிப் பதற வேண்டாம்.

ஆனால் இதய நினைவும் மாரடைப்பும் ஒரே நேரத்தில் இருக்கலாம். நெஞ்சுவலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் 108-ஐ அழையுங்கள். பழைய ஈசிஜிகளைத் தேதி வாரியாகக் கோப்பில் வைத்து ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் தேவையில்லாத ஆஞ்சியோகிராமில் போய் முடியும்.