பழைய கான்செப்ட் கார்களைப் படமெடுப்பது: கேள்வி பதில்

பழைய கார் கண்காட்சிகளில் கான்செப்ட் கார்களை, அதாவது விற்பதற்கல்லாமல் புது யோசனையைக் காட்டுவதற்கென்றே செய்த கார்களை, படமெடுப்பது பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று கேட்டவர்களுக்கு இங்கேயே பதில்: கையில் இருப்பதே போதும். நான் அதிகம் போவது கலிஃபோர்னியாவின் பெப்பிள் பீச் கண்காட்சிக்கு என்பதால் உதாரணங்களும் அந்தப் பக்கமே சாயும்.

கேள்வி: சாதாரண பழைய காரை எடுப்பதற்கும் கான்செப்ட் காரை எடுப்பதற்கும் என்ன வித்தியாசம் சார்? எல்லாம் கார்தானே?

சாதாரண கார் தெருவில் ஓடுவதற்குச் செய்தது. கான்செப்ட் கார் மேடையில் நிற்பதற்குச் செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1949 முதல் 1961 வரை நடத்திய மோட்டோராமா கண்காட்சிகளில் இந்தக் கார்கள் சுழலும் மேடையில், விளக்கு வெளிச்சத்தில் நின்றன. கூட்டம் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பதற்குள் 'அட!' என்று சொல்ல வேண்டும், அதுதான் அவற்றின் வேலை. அதனால் ஒவ்வொன்றிலும் வடிவமைப்பாளர் அழுத்திச் சொன்ன ஒரு விஷயம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் நான் லென்ஸ் மூடியையே கழற்றுவதில்லை.

இத்தாலியக் கார் வடிவமைப்பு நிறுவனமான பெர்தோனேவுக்காக ஃபிராங்கோ ஸ்காலியோனே வடிவமைத்த ஆல்ஃபா ரோமியோ பேட் வரிசையைப் பாருங்கள். பேட் 5 1953-இல், பேட் 7 1954-இல், பேட் 9 1955-இல். நடுவில் உள்ள பேட் 7-இன் வால் துடுப்புகள் (மீனின் துடுப்பு போலப் பின்பக்கம் எழுந்து நிற்கும் தகடுகள்) உள்நோக்கிச் சுருண்டு வளைந்திருக்கும். அந்தக் காரின் பேச்சு முழுக்கப் பின்பக்கம்தான். ஆனால் கண்காட்சிப் படங்களில் பாதிக்கு மேல் முன்பக்கத்திலிருந்தே எடுத்திருப்பார்கள், நம்பர் பிளேட்டுக்கு எடுத்தது போல. பின்பக்க மூலையில், கொஞ்சம் உயரத்திலிருந்து எடுத்தால்தான் அந்த வளைவு புரியும்.

கேள்வி: கீழே உட்கார்ந்து எடுத்தால் கார் கம்பீரமாகத் தெரியும் என்கிறார்கள். எப்போதும் அப்படித்தானா அண்ணா?

1950-களின் அமெரிக்கக் கார்களுக்குச் சரி. ஹெட்லைட் உயரத்துக்குக் கேமராவை இறக்கினால் துடுப்புகள் வானத்தை வெட்டிக்கொண்டு நிற்கும், பின்னால் இருக்கும் கூடாரங்களும் பாதி மறைந்துவிடும்.

1968-க்குப் பிறகு வந்த இத்தாலிய ஆப்பு வடிவக் கார்களிடம் இந்த விதி செல்லாது. மார்செல்லோ காந்தினி வடிவமைத்த லான்சியா ஸ்ட்ராடோஸ் ஸீரோவின் (1970) உயரம் 84 சென்டிமீட்டர்தான். அதே ஆண்டு ஜெனீவாவில் வந்த ஃபெராரி மோடுலோ, பினின்ஃபரினா வடிவமைப்பு நிறுவனத்தில் பாவ்லோ மார்ட்டின் வடிவமைத்தது, 93.5 சென்டிமீட்டர். நமக்கு இடுப்பளவுகூட வராது. நின்றபடி கண் உயரத்தில் எடுத்தால் கூரையும் இல்லாமல் பக்கவாட்டும் இல்லாமல் நடுவில் தொங்கும் ஒரு படம் கிடைக்கும். இந்தக் கார்களுக்கு அதுதான் மிக மோசமான உயரம்.

ஆகவே இரண்டு படங்கள் எடுங்கள். ஒன்று, முழங்கால் உயரத்துக்கும் கீழே இறங்கி நேர் பக்கவாட்டில். மூக்கு நுனியிலிருந்து வால்வரை ஒரே சாய்வு, அவ்வளவுதான் தெரிய வேண்டும். இன்னொன்று, ஏதாவது படிக்கட்டிலோ மேட்டிலோ ஏறி மேலிருந்து. மோடுலோவின் எஞ்சின் மூடியில் 24 வட்டத் துளைகள் இருக்கின்றன. தரையில் உட்கார்ந்து எடுத்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கேள்வி: என் படங்களில் எல்லாம் காரின் மேல் நானே தெரிகிறேன். போதாக்குறைக்கு ஐஸ்கிரீம் சாப்பிடும் ஒரு குடும்பமும். என்ன செய்வது?

முதலில் சட்டை. கறுப்பு அல்லது அடர் சாம்பல் நிறம் போட்டுக்கொண்டு போங்கள். வெள்ளைச் சட்டையும் சிவப்புத் தொப்பியும் எங்கே நின்றாலும் கதவில் வந்து உட்காரும். அடுத்தது, பின்னால் நகர்ந்து நீளமான லென்ஸில் எடுங்கள். தூரம் கூடினால் உங்கள் பிம்பம் சிறுத்துவிடும்.

ஆனால் பிரதிபலிப்பை எதிரியாக நினைக்காதீர்கள். பளபளக்கும் கார் உடலின் வடிவத்தைக் காட்டுவதே அதுதான். பக்கவாட்டைக் கவனித்தால் மேல் பாதி வானத்தையும் கீழ்ப் பாதி தரையையும் காட்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு ஓடும். கேமராவை ஒரு சாண் ஏற்றி இறக்கிப் பாருங்கள், அந்தக் கோடும் நகரும். ஹெட்லைட்டில் தொடங்கி வால்வரை அது அறுபடாமல் ஓடும் உயரம் ஒன்று கிடைக்கும். அங்கே நின்று அழுத்துங்கள். நடுவில் யாருடைய கால்களோ வெள்ளைக் கூடாரமோ அந்தக் கோட்டை வெட்டினால், அரை அடி தள்ளி நில்லுங்கள். அல்லது அவர்கள் ஐஸ்கிரீமை முடிக்கும்வரை பொறுங்கள்.

வளைவில்லாமல் தட்டையான உலோகப் பலகைகளால் ஆன கார்களில் கதை வேறு. ஜியோர்ஜெட்டோ ஜுஜாரோவின் மசெராட்டி பூமராங்கில் ஒரு முழுப் பலகையும் ஒரே நேரத்தில் வெளுக்கும், ஒரே நேரத்தில் கறுக்கும். அரை அடி நகர்ந்தால் கார் வேறாகிவிடும். ஒரு பலகை வெளிச்சமாகவும் பக்கத்துப் பலகை இருட்டாகவும் வரும் இடத்தைத் தேடுங்கள். மடிப்பு அப்போதுதான் கத்தி மாதிரி தெரியும்.

கேள்வி: போலரைசர் ஃபில்டர் போட்டால் பிரதிபலிப்பு போய்விடும் அல்லவா? நான் போட்டு எடுத்தபோது பிளாஸ்டிக் கூண்டு முழுக்க வானவில் நிறத்தில் வந்தது. ஃபில்டர் கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. அந்தக் காலக் கான்செப்ட் கார்களில் பலவற்றுக்கு விமானத்தில் இருப்பது போன்ற அக்ரிலிக் கூண்டு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் 1958 ஃபயர்பேர்ட் மூன்றில் உட்காரும் இருவருக்கும் தனித்தனிக் கூண்டு. அப்படி வளைத்துச் செய்த பிளாஸ்டிக்குக்குள் இழுவிசை தங்கியிருக்கும். நீல வானத்திலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஓரளவு ஒருதிசைப்பட்டது, அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்பவை. அது அந்தப் பிளாஸ்டிக்கைக் கடந்து உங்கள் ஃபில்டருக்குள் வரும்போது, இழுவிசை இருக்கும் இடமெல்லாம் நிறப்பட்டைகளாகத் தெரியும். ஃபில்டரைத் திருப்பிப் பாருங்கள், குறையும். குறையாவிட்டால் கழற்றிவிடுங்கள்.

மற்றபடி, கண்ணாடியிலும் பெயிண்டிலும் போலரைசர் நன்றாக வேலை செய்யும், அதிலும் சாய்வான கோணத்தில். குரோமிலும் வெறும் உலோகத்திலும் பெரிதாக எடுபடாது. ஃபயர்பேர்ட் இரண்டின் டைட்டானியம் உடலுக்கு அதைப் போட்டு வெளிச்சத்தை வீணாக்காதீர்கள், ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). பெயிண்டிலும் முழுதாகத் திருப்பிப் பிரதிபலிப்பைத் துடைத்தெடுத்தால் கார் களிமண் பொம்மை போல ஆகிவிடும். விண்ட்ஷீல்டு தெளியும் அளவுக்குத் திருப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெப்பிள் பீச்சுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்? டிக்கெட் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

சுற்றத்தான் செய்யும், பல நூறு டாலர். கண்காட்சி ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கோல்ஃப் மைதானத்தின் 18-ஆம் புல்வெளியில், கடலை ஒட்டி நடக்கும். விடியலுக்கு முன்பே கார்கள் ஒவ்வொன்றாகப் புல்லுக்கு உருண்டு வரும். அதைப் பார்க்க ஒரு கூட்டம் இருட்டிலேயே காப்பியோடு நிற்கும். அங்கே நில்லுங்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் கடல் மூட்டம் போர்த்தியிருக்கும். ஸ்டுடியோவில் ஆயிரக்கணக்கில் செலவு செய்து கொண்டுவரும் மென்மையான வெளிச்சம் அங்கே சும்மா கிடைக்கும். மூட்டம் விலகி வெயில் ஏறிவிட்டால் நான் முழுக் காரை எடுப்பதை நிறுத்திவிட்டு விளக்கு, சின்னம், கைப்பிடி என்று சின்னச் சின்ன விஷயங்களுக்குப் போய்விடுவேன்.

காசு செலவழிக்க மனமில்லையா? அதற்கு முந்தைய வியாழக்கிழமை, போட்டிக் கார்களில் பல சாலையில் ஊர்வலமாகப் போகும். சாலையோரம் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் ஓடாத கான்செப்ட் கார்கள் அதில் வராது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் நடக்கும் வில்லா தெஸ்தே இருக்கிறது. 1929-இல் தொடங்கியது. கான்செப்ட் கார்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. பொதுமக்கள் போகும் நாளில் பக்கத்திலிருக்கும் வில்லா எர்பாவில் பார்க்கலாம்.

கேள்வி: வெள்ளைக் கார் என் படத்தில் சாம்பலாகவும் அடிப்பக்கம் பச்சையாகவும் வருகிறது.

சாம்பலாக வருவது கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் குணம். வெள்ளையைப் பார்த்ததும் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். குரோம் நிறைய இருந்தால் மட்டும் கூட்டாமல் ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) எடுத்து, பிறகு நிழலைத் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன குரோமை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

பச்சை, புல்லின் பிரதிபலிப்பு. மொத்தப் படத்தின் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) திருத்தினால் மேல்பக்கம் ஊதாவாகிவிடும். கதவின் கீழ்ப்பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துப் பச்சையைப் பாதியாகக் குறையுங்கள், முழுக்க எடுக்காதீர்கள். கார் புல்மேல்தானே நிற்கிறது.

கேள்வி: போனில் எடுக்கலாமா?

தாராளமாக. அகலமான லென்ஸை மட்டும் தொடாதீர்கள், கிட்டப் போய் எடுத்தால் மூக்கு வீங்கிவிடும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஜூமில் வைத்துப் பின்னால் நகருங்கள். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், ஆன்டெனாவையும் துடுப்பு நுனியையும் கடித்துவிடும்.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கண்காட்சியில் 1955 லிங்கன் ஃபியூச்சுராவைப் படமெடுத்தேன். படம் இணைத்திருக்கிறேன். தலைப்பில் என்ன எழுதலாம்?

'நகல்' என்ற வார்த்தையைச் சேர்த்து எழுதுங்கள். இத்தாலியில் கியா (Ghia) பட்டறை கட்டிய அசல் ஃபியூச்சுரா 1966 பேட்மேன் தொலைக்காட்சித் தொடருக்காக, கார்களை மாற்றியமைக்கும் ஜார்ஜ் பாரிஸ் கையில் பேட்மொபைலாக மாறிவிட்டது. இன்றும் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் பார்த்தது யாரோ ஆசையாகச் செய்த பிரதி. படம் நன்றாகவே வந்திருக்கிறது, அது வேறு விஷயம்.

இந்தக் கார்களின் தலைவிதி அப்படி. கண்காட்சி முடிந்ததும் நொறுக்கிவிடச் சொன்னவை நிறைய. கிரைஸ்லரின் நார்ஸ்மன் 1956-இல் ஆண்ட்ரியா டோரியா கப்பலோடு கடலுக்குள் போனது. 1955 மோட்டோராமாவின் செவர்லே பிஸ்கேன் உட்படச் சில கார்கள் மிச்சிகனில் ஒரு காயலான் கடையில் பல வருடம் கிடந்து, 1980-களின் கடைசியில்தான் வெளியே வந்தன. அதனால் ஒவ்வொரு காரின் முன்னாலும் வைத்திருக்கும் தகவல் பலகையை முதலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். நிறத்தை நம்பியும் அடையாளம் சொல்லாதீர்கள். மோடுலோ முதலில் கறுப்பாக இருந்தது, பிறகு வெள்ளையானது.

கேள்வி: ஃபைபர் கிளாஸ் உடலில் அலை அலையாகத் தெரிகிறது. ஃபோட்டோஷாப்பில் சமமாக்கலாமா ஐயா?

என்னைக் கேட்டால் வேண்டாம். கண்காட்சித் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று ஓடி ஓடிக் கையால் செய்தவை அவை. சாய்ந்த வெளிச்சத்தில் அலை தெரிவது அந்த வேலையின் கைரேகை. பெயிண்டில் ஒட்டிய தூசியை எடுங்கள், சரி. உடலைத் தொடாதீர்கள். விளம்பரத்துக்கு எடுப்பவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், அது அவர்கள் பிழைப்பு.

கேள்வி: கதவு திறந்த நிலையில் எடுக்க ஆசை. உரிமையாளரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கேட்காமலே கிடைக்கும் நேரம் ஒன்று இருக்கிறது. கண்காட்சிப் போட்டியின் நடுவர்கள் வரும்போது கதவு, பானெட், விளக்கு எல்லாவற்றையும் திறந்து காட்டச் சொல்வார்கள். அவர்கள் வழியில் நிற்காமல், எதிர்ப்பக்கம் தள்ளி, நீளமான லென்ஸோடு காத்திருங்கள். ஸ்ட்ராடோஸ் ஸீரோவுக்குப் பக்கக் கதவே கிடையாது, விண்ட்ஷீல்டைத் தூக்கி முன்பக்கமாக ஏறி உள்ளே போக வேண்டும். அது திறப்பதைப் பார்த்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பார்கள், அதனால் முன்பே இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேட்பதென்றால், முதலில் காரைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள், அப்புறம் படம். பெரும்பாலானோர் சந்தோஷமாகக் காட்டுவார்கள். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கேமரா வார், பெல்ட் பக்கிள், தோளில் தொங்கும் பை மூன்றையும் கவனியுங்கள். ஒரே ஒரு கார்தான் உலகத்தில் இருக்கிறது என்றால் அந்தக் கீறலுக்கு மாற்றுக் கதவு கிடைக்காது.

கேள்வி: நான் கோயம்புத்தூர். பெப்பிள் பீச்சுக்கெல்லாம் போகிற வசதி இப்போதைக்கு இல்லை. இங்கே எப்படிப் பழகலாம்?

உங்கள் ஊரிலேயே ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறதே. கான்செப்ட் கார் கிடைக்காது, ஆனால் பளபளக்கும் வளைந்த உடல் எதுவாக இருந்தாலும் பயிற்சிக்குப் போதும். படமெடுக்க அனுமதி உண்டா என்று மட்டும் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் வேண்டாம் என்றால், கழுவித் துடைத்த ஒரு அம்பாசடரைக் காலை ஆறு மணிக்குத் திறந்த வெளியில் நிறுத்தச் சொல்லுங்கள். மேலே சொன்ன வானமும் தரையும் சந்திக்கும் கோட்டை அதன் மட்கார்டில் தேடுங்கள். அங்கே பிடிபட்டால் பேட் 7-லும் பிடிபடும்.

ஓடும் காரைத் தொடர்ந்து எடுப்பது பற்றி நான்கைந்து கேள்விகள் மீதம் இருக்கின்றன. ஷட்டர் வேகத்தை 1/60 நொடியில் தொடங்குங்கள், வரவில்லை என்றால் 1/125. விரிவாக அடுத்த முறை எழுதுகிறேன். எடுத்த படங்கள் இருந்தால் அனுப்புங்கள், அவற்றை வைத்தே பேசலாம்.