ஜனவரியில் தொடங்கி பொங்கலோடு நிற்கும் நடை

அன்புள்ள அண்ணாவுக்கு,

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 42. போன வருசக் கடைசியில் இரத்தம் சோதித்தபோது சீனி எல்லையில் நிற்கிறது என்றார்கள். மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், நடவுங்கள் என்று டாக்டர் சொன்னார்.

ஜனவரி முதலாம் தேதி தொடங்கினேன். யூடியூபில் ஒருவர் சொன்னபடி விடியற்காலை நாலே முக்காலுக்கு எழும்பி நடை. காலையில் ஓட்ஸ், பகலில் சலாது, இரவில் அவித்த முட்டை. பொங்கல் வந்தது. இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் எழும்ப மனம் வரவில்லை. தினமும் ஏறிப் பார்க்கும் தராசில் முதல் வாரம் மளமளவென்று குறைந்த எடையும் திடீரென்று ஏறியது. சித்திரை வருசப் பிறப்பு முடிந்து மறுபடி தொடங்கினேன். மே மாத மழையோடு அதுவும் போனது. "மாவு ரொட்டி தின்னுதான் நாங்க மலை ஏறுனோம், எங்களுக்கு என்னா வந்துச்சு?" என்கிறார் மாமியார். "உனக்கு மன உறுதி இல்லை" என்கிறார் கணவர். நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறேன், என்னை மேய்க்க முடியவில்லை. விடாமல் செய்கிறவர்கள் எப்படித்தான் செய்கிறார்கள்? நடக்க என்ன சப்பாத்து நல்லது என்றும் சொல்லுங்கள்.

டிக்கோயாவிலிருந்து ஓர் ஆசிரியை

---

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கணவர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். மன உறுதி இல்லாதவர் எத்தனை வருசமாக, பனியிலும் மழையிலும், நிறைந்து வழியும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பாடசாலைக்குப் போகிறார்? "இன்றைக்குப் படிப்பிக்க மனசு இல்லை" என்று ஒரு நாளாவது இஸ்தோப்பில் உட்கார்ந்து யோசித்திருப்பீர்களா? மழை பெய்தால் குடையை எடுக்கிறீர்கள், போகிறீர்கள். அங்கே நேரம் இருக்கிறது, பஸ் இருக்கிறது, காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கையெழுத்துப் போட ஒரு புத்தகம் இருக்கிறது. மனசைக் கேட்டுச் செய்யும் வேலையாக அது இல்லை. உங்கள் நடைக்கு இதில் ஒன்றுமே கிடையாது. விடியற்காலை இருட்டில், போர்வைக்குள் கிடந்தபடி, தினமும் புதிதாக முடிவெடுக்க வேண்டும். அப்படி முடிவெடுக்கச் சொன்னால் யாருக்கும் ஒரு நாள் தப்பத்தான் செய்யும்.

அதிலும் அந்தத் திட்டம் உங்கள் ஊருக்குப் போட்டதே இல்லை. சமதரையில், தெருவிளக்கு எரியும் வீதியில் நடப்பவருக்கு நாலே முக்கால் சரி. டிக்கோயாவில் அந்த நேரத்தில் கை நீட்டினால் விரல் தெரியாத பனி, அட்டை, தோட்டத்து நாய்கள். தேயிலைக்குள்ளே சிறுத்தை நடமாடும் இடங்களில் பெண் ஒருத்தி தனியாகப் போகவே கூடாத நேரம் அது. உங்கள் உடம்பு எழும்ப மறுத்ததில் கொஞ்சம் புத்தியும் இருந்தது என்றுதான் சொல்வேன்.

மழைக்கு வருகிறேன். மலையின் மேற்குச் சரிவுக்கு மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. உங்கள் பக்கம் அப்போது வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாது. நாங்கள் கிழக்குச் சரிவிலுள்ள பண்டாரவளைக்காரர்கள், எங்களுக்கு மழை ஒக்டோபரில் பிடித்து ஜனவரி வரை இழுக்கும். ஆக டிக்கோயாவில் ஜனவரியில் தொடங்கும் எந்தத் திட்டமும் காய்ந்த மாதத்தில் பிறந்து மே மாதத்தில் சாகும். இது தெரிந்த விசயம்தானே? அப்படியென்றால் தொடங்கும் நாளிலேயே இரண்டு திட்டம் வேண்டும், காய்ந்த நாளுக்கு ஒன்று, மழை நாளுக்கு ஒன்று. மழைத் திட்டம் சின்னதாக, சொன்னால் சிரிப்பு வருகிற அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிசம் நடை. அல்லது இடைவேளையில் பாடசாலை விறாந்தையில் நாலைந்து தடவை போய்வருவது.

பத்து நிமிசத்தில் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். வாரத்துக்கு 150 நிமிசம் ஓரளவு வேகமான நடை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிசமாவது நடந்தால்தான் கணக்கில் சேரும் என்று இருந்தது. 2020இல் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிசமும் சேரும். அதோடு, சாப்பிட்ட கையோடு கொஞ்சம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சீனி அந்த அளவுக்கு ஏறாது. உங்கள் பிரச்சினைக்கு விடியற்காலை நடையைவிட இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடப்பதே பொருத்தம்.

காய்ந்த நாளைக்கு என் யோசனை, பாடசாலை விட்டு வரும்போது ஒரு ஹோல்ட் முன்னால் இறங்கிவிடுங்கள். பஸ் ஏற்கனவே உங்கள் நாளில் இருக்கிறது, அதன் வாலில் இதைக் கட்டிவிட்டால் தனியாக எழும்ப வேண்டாம், தனியாக முடிவெடுக்கவும் வேண்டாம். "எங்க டீச்சர், நடந்து போறீங்க?" என்று கேட்பார்கள். ஒரு வாரம் கேட்பார்கள். அப்புறம் ஒரு நாள் பஸ்ஸிலேயே போனால், "இன்னைக்கு நடக்கலயா டீச்சர்?" என்று அவர்களே கேட்பார்கள். கையெழுத்துப் புத்தகத்தைவிட இது வலுவானது.

மேடு பள்ளம் என்று கவலைப்படாதீர்கள். ஒஸ்ரியாவில் ஒரு மலையில் நல்ல ஆராய்ச்சி ஒன்று செய்தார்கள். இரண்டு மாதம் ஆட்களை மேலே ஏறி நடக்கவிட்டு, கேபிள் காரில் கீழே இறக்கினார்கள். அடுத்த இரண்டு மாதம் கேபிள் காரில் மேலே கொண்டுபோய், நடந்து இறங்கச் சொன்னார்கள். ஏறும்போது இரத்தத்திலுள்ள ட்ரைகிளிசரைட் கொழுப்பு நன்றாகக் குறைந்தது. இறங்கும்போது உடம்பு சீனியைக் கையாளும் விதம் மேம்பட்டது. இறக்கம் சும்மா வரும் நடை என்று நினைத்திருந்தோம், அதுவும் வேலை செய்கிறது. முழங்கால் வலி இருந்தால் மட்டும் இறக்கத்தில் மெதுவாகப் போங்கள். ஏறும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பொங்கல் விசயம். இரண்டு நாள் விட்டதால் எல்லாம் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாளால் ஒன்றும் போகவில்லை, மூன்றாம் நாள்தான் போனது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பழக்கம் எப்படிப் பதிகிறது என்று 96 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். 21 நாளில் பழகிவிடும் என்று நாம் கேட்டதெல்லாம் சரிப்படவில்லை. நடுவாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாளும் ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தப்பினால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் கண்டார்கள். ஆகவே பொங்கலுக்கு விடுங்கள், தோட்டத்துத் திருவிழாவுக்கும் விடுங்கள். ஆனால் மறுபடி எந்த நாள், எந்த நேரம் என்பதைத் திருவிழா தொடங்கும் முன்பே கலண்டரில் எழுதிவையுங்கள்.

இனிச் சாப்பாடு. உங்கள் மாமியார் சொல்வது பொய் இல்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், கூடையைத் தலையில் மாட்டி, பின்னேரம் வரை மலையில் ஏறி இறங்கியவர் அவர். அந்த வேலைக்கு அந்த ரொட்டி வேண்டியிருந்தது. மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கைத் தடிப்பில் தட்டி, கல்லில் ஓரம் கருகும்வரை போட்டு எடுத்தால், ஒரு ரொட்டிக்கே கிட்டத்தட்ட நூறு கிராம் மாவு போயிருக்கும். மாவு மட்டும் 350 கலோரி, தேங்காய் தனி. கட்ட சம்பல் தொட்டால் ஒன்றோடு யாரும் நிறுத்துவதில்லை. அவர் அதை மலையில் செலவழித்தார். நீங்களும் நானும் கதிரையில் உட்கார்ந்திருக்கிறோம். இதை வாதமாகச் சொல்லி மாமியாரை வெல்லப் பார்க்காதீர்கள், வெல்ல மாட்டீர்கள்.

உங்களுக்கென்று தனியாக ஓட்ஸ் வாங்கிச் சமைத்ததும் நிலைக்காமல் போனதற்கு ஒரு காரணம். ஒரு வீட்டில் இரண்டு அடுப்புக் கதை நீளாது. பிள்ளைகளுக்கு ரொட்டி சுடும் கை, நின்றபடி ஒரு துண்டு பிய்த்து வாயில் போடும். அது கணக்கிலேயே வராது. அதற்குப் பதில் வீட்டு ரொட்டியையே மாற்றுங்கள். மாவில் பாதி குரக்கன், தடிப்பில் பாதி. குரக்கனும் மாச்சத்துதான், அதனால் நினைத்தபடி தின்னலாம் என்று அர்த்தமில்லை. நார்ச்சத்து கூட, வயிறு கொஞ்சம் நேரம் தாங்கும், அவ்வளவுதான். பக்கத்தில் பருப்பு, கௌபி, ஒரு கீரை. கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி எல்லாம் நம் மலையில் விளைந்து லொறி லொறியாகக் கொழும்புக்கு இறங்குகிறது, நாம் ஓட்ஸ் பெட்டியைத் தேடி டவுனுக்குப் போகிறோம்.

ரொட்டியைவிட எனக்குப் பயம் தேத்தண்ணியில்தான். எழும்பியதும் ஒன்று, பாடசாலை போனதும் ஒன்று, இடைவேளையில் பணிஸோடு ஒன்று, வீடு வந்து ஒன்று, விளக்கு வைக்கும் நேரம் ஒன்று. குவித்து இரண்டு கரண்டி சீனி போடும் வீடுகள்தான் நம்மிடம் அதிகம். ஐந்து கோப்பைக்குப் பத்துக் கரண்டி, குறைந்தது 40 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதுவும் பணிஸையும் பிஸ்கட்டையும் சேர்த்து. ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், இரண்டாம் நாளே சீனி டின்னைத் தேடிப் போவீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரைக் கரண்டி என்று குறையுங்கள், நாக்கு பழகிக்கொள்ளும். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் பரவாயில்லை என்று சொல்பவர்கள் உண்டு. கருப்பட்டியும் சீனிதான். வெளியே போன வீட்டில் "சீனி வேணாம்" என்று சொன்னால், பின்னேரத்துக்குள் மேட்டு லயத்திலிருந்து பணிய லயம் வரை டீச்சருக்குச் சீனி வருத்தம் என்று செய்தி போய்விடும். போகட்டும். "வரப் பார்க்குது, வரவிடாம பார்க்குறேன்" என்று சொல்லிவிடுங்கள். அந்த லயத்தில் இன்னும் இரண்டு பேர் சோதிக்கப் போவார்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் அது இலவசம்தானே.

தராசில் தினமும் ஏறுவதாகத் தெரிகிறது. கொழுந்து நிறுக்கும்போது மழை நாளில் ஈரத்துக்கென்று நிறை கழிப்பார்கள், அதில் சண்டை வராத கொழுந்து நிறுக்கும் மடுவம் இல்லை. உடம்பிலும் அப்படி ஈர நிறை உண்டு. முதல் வாரம் மளமளவென்று குறைந்தது பெரும்பாலும் தண்ணீர், பொங்கலுக்குப் பிறகு திடீரென்று ஏறியதிலும் பெரும்பகுதி தண்ணீர். அதற்காகச் சந்தோசப்படவும் வேண்டாம், அழவும் வேண்டாம். உங்களைப் போல எல்லையில் நின்றவர்களை வைத்து இந்தியாவில் ஓர் ஆய்வு நடத்தி 2006இல் வெளியிட்டார்கள். நடையையும் சாப்பாட்டையும் திருத்திக்கொண்டவர்களுக்குச் சீனி வருத்தம் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடையோ பெரிதாக மாறவே இல்லை. தராசைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, கலண்டரில் நடந்த நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். மழைத் திட்டம் செய்த நாளுக்கும் அதே கோடுதான். எச்பிஏ1சியை எப்போது மறுபடி பார்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவருக்கு ஒரு வேலை கொடுக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பை கழுவுவது அவர் பொறுப்பு. அந்தப் பத்து நிமிசம் உங்களுக்கு நடக்கக் கிடைக்கும். நேரம் இருப்பவர்கள் அதை மன உறுதி என்று சொல்லிக்கொள்வது வழக்கம்தான். அவருக்கும் கொஞ்சம் நேரம் குறைந்து பார்க்கட்டும்.

சப்பாத்துக்குப் பிராண்ட் முக்கியமில்லை. அடி வழுக்காமல் பிடிக்க வேண்டும். ஈரமான கல்படியில் தேய்ந்த செருப்போடு இறங்குவதுதான் ஆபத்து. விரல் நுனிக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தால் இறக்கத்தில் நகம் நோகாது. மழை நாளில் காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் அட்டை அவ்வளவாக ஏறாது. பாடசாலைக்குச் சேலையும் செருப்புமாகப் போகிறவர் என்பதால் சப்பாத்தைப் பையில் கொண்டுபோய், மணி அடித்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். சேலைக்குக் கீழே சப்பாத்தா என்று பிள்ளைகள் சிரிக்கும். இரண்டு நாள் சிரிக்கும், அப்புறம் அதுகளுக்கு வேறு யாராவது கிடைத்துவிடுவார்கள்.