ஊத்தங்கரையில் நிவாரணப் பொருள் எங்கே வைத்துக் கொடுப்பது?

ஏரிக்கரை ஓரப் பள்ளியில் வைத்து அரிசி, போர்வை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியபோது, ரோட்டோரம் நின்ற வண்டிகளையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மேட்டில் இருக்கிற கல்யாண மண்டபமாகப் பாருங்கள். லாரி திரும்ப இடம் வேண்டும், உள்ளே வர ஒரு கேட், வெளியே போக வேறொரு கேட், அதுதான் முக்கியம், ஏனென்றால் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்புகிறவரும் வரிசையில் நிற்கிறவரும் ஒரே வாசலில் மோதினால் தள்ளுமுள்ளுதான். டோக்கனை முந்தின நாளே தெருத்தெருவாக, நேரம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ரேஷன் கார்டு இல்லாத செங்கல் சூளை ஆட்கள் விட்டுப்போவார்கள், வி.ஏ.ஓ.விடம் பட்டியல் கேட்கும்போதே அதையும் சொல்லுங்கள். அப்புறம், 25 கிலோ சிப்பத்தை அப்படியே கொடுக்காதீர்கள், வயசான பாட்டிகளால் தூக்க முடியாது. ஐந்தைந்து கிலோவாகப் பிரித்துக் கட்டுங்கள்.