97 வரை வகுத்தும் மீதி வருகிறது: முதன்மை எண்தானா?

கேள்வி: மகள் தரம் 10. 123456789 இன் முதன்மைக் காரணிகளைக் கேட்டிருக்கிறார்கள். 9 ஆல் வகுத்து 13717421 எடுத்துவிட்டாள். பிறகு 97 வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்தும் மீதி வருகிறது. முதன்மை எண் என்று எழுதலாமா? – ஒரு தாயார், ஒட்டுசுட்டான்

எழுத வேண்டாம் அம்மா. மகள் வகுத்ததில் பிழையில்லை, நிறுத்திய இடம்தான் பிழை. முதன்மை எண் என்று சொல்வதற்கு வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். 13717421 இன் வர்க்கமூலம் 3703 ஐத் தாண்டுகிறது. 97 என்பது 25ஆவது முதன்மை எண். இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் முதல் முதன்மை எண்ணோ 504ஆவது! அத்தனை தரம் வகுக்கப் பிள்ளையை இருத்திவைக்கத் தேவையில்லை. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் பெர்மா காட்டிய வழி இரண்டே தரத்தில் முடித்துவிடும்.

முதலில் அதைக் கையால் செய்து பார்க்கட்டும். முறிகண்டிக் கச்சான் 100 பருப்பை 10 வரிசை, வரிசைக்கு 10 என்று சதுரமாக அடுக்குங்கள். ஒரு மூலையில் 3க்கு 3 ஆக 9 பருப்பை எடுத்துவிட்டால் மிச்சம் 91. இப்போது 7 பருப்பு நீளத்தில் 10 முழு வரிசையும், அருகே 3க்கு 7 துண்டொன்றும் இருக்கும். துண்டைத் திருப்பி வரிசைகளின் அடியில் வைத்தால் 13க்கு 7 செவ்வகம். அதாவது 91 = 10² − 3² = (10 − 3)(10 + 3) = 7 × 13.

இனி பெரிய எண்ணையும் இப்படி இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத வேண்டும். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண் 3704. அதை வர்க்கித்து எண்ணைக் கழித்தால் 13719616 − 13717421 = 2195. ஐந்தில் முடியும் வர்க்கம் 25 இல்தான் முடியும், ஆகவே 2195 வர்க்கமல்ல. அடுத்தது 3705: 13727025 − 13717421 = 9604. இது 98². ஆகவே காரணிகள் 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803.

இவை முதன்மை எண்களா என்பதையும் பார்த்தே ஆகவேண்டும். இரண்டுக்கும் 61 வரை வகுத்தால் போதும். இவற்றை வகுக்கும் எண் 13717421 ஐயும் வகுக்கும்; அதை மகள் 97 வரை வகுத்துப் பார்த்துவிட்டதால் மீண்டும் வகுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டும் முதன்மை எண்களே, எனவே விடை 3² × 3607 × 3803. அடுக்குகளுடன் ஒவ்வொன்றைக் கூட்டிப் பெருக்கினால், (2+1)(1+1)(1+1) = 12 காரணிகள்.

இந்த வழி எல்லா எண்ணுக்கும் இவ்வளவு விரைவாக வராது. இரு காரணிகளும் கிட்டக்கிட்ட இருந்ததால்தான் வந்தது. 70049 ஐ எடுங்கள். 7 × 10007. 265 இல் தொடங்கினால் 5007 வரை, 4743 தரம் முயல வேண்டும். 7 ஆல் வகுத்தால் ஒரு வரியில் முடியும். ஆகவே சிறிய முதன்மை எண்களால் முதலில் வகுத்த மகளின் ஒழுங்கு சரியானது, அதை மாற்ற வேண்டாம். இரட்டை எண்ணானால் ஒற்றை எண் வரும்வரை 2 ஆல் வகுத்துவிட்டே தொடங்க வேண்டும்.

இன்னொன்று: 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்களை எந்த ஒழுங்கில் மாற்றி எழுதினாலும் கூட்டுத்தொகை 45. அந்த 362880 எண்களும் 9 ஆல் வகுபடும், ஒன்றுகூட முதன்மை எண்ணாகாது.