பிறருக்குப் பாட்டுக் கொடுத்த ஜோடி

கேள்வி: ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து பாடிய ரிதம் அண்ட் புளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஜனரஞ்சக இசை) ஜோடிகளில் ஆஷ்ஃபோர்டு–சிம்ப்சன் பாடிய ‘சாலிட்’ ஒன்றை மட்டுமே கேட்டிருக்கிறேன். அதற்கு முன் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? (வாசகி, திருச்சி)

பதில்: ‘சாலிட்’ 1984-இல் வெளிவந்தபோது நிக்கோலஸ் ஆஷ்ஃபோர்டும் வேலரி சிம்ப்சனும் சேர்ந்து பணியாற்றத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. அந்த ஆண்டுகளின் முதற்பாதியில் அவர்கள் எழுதிய சிறந்த பாடல்கள் எல்லாம் பிறர் குரலில்தான் புகழ்பெற்றன என்பதே அவர்களுடைய இசை வாழ்வைப் புரிந்துகொள்ள நாம் முதலில் அறிய வேண்டிய செய்தி.

நடனக் கலைஞனாக வேண்டும் என்ற கனவோடு மிச்சிகனிலிருந்து நியூயார்க் வந்த ஆஷ்ஃபோர்டு, தங்க இடமின்றித் திரிந்த நாட்களில், 1964-இல் ஹார்லெமில் உள்ள ஒயிட் ராக் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சிம்ப்சனைச் சந்தித்தார். சிம்ப்சன் அங்கே பியானோ வாசித்துப் பாடிவந்த பதினேழு வயதுப் பெண். இருவரும் ‘வேலரி அண்ட் நிக்’ என்ற பெயரில் அந்த ஆண்டே ஓர் இசைத்தட்டு வெளியிட்டும் அது எடுபடவில்லை. ஆனால் ஜோசபின் ஆர்ம்ஸ்டெட்டுடன் சேர்ந்து அவர்கள் எழுதிய ஒரு பாடலை ரே சார்ல்ஸ் 1966-இல் பாட, அது ரிதம் அண்ட் புளூஸ் பாடல்களின் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த வெற்றியே டெட்ராய்ட் நகரின் புகழ்பெற்ற இசைத்தட்டு நிறுவனமான மோடவுனின் கதவை அவர்களுக்குத் திறந்தது.

மோடவுன் அவர்களைப் பாடகர்களாக அன்றிப் பாடலாசிரியர்களாகவே வைத்துக்கொண்டது. மார்வின் கேயும் டாமி டெரலும் 1967-இல் பாடிய ‘எய்ன்ட் நோ மவுன்டன் ஹை இனஃப்’ இவர்கள் எழுதியது. மறு ஆண்டு அதே இருவருக்கும் ‘யூ ஆர் ஆல் ஐ நீட் டு கெட் பை’ எழுதியதோடு ஒலிப்பதிவையும் இவர்களே நடத்தினார்கள். இந்தப் பாடல்களைக் கூர்ந்து கேட்டால் தேவாலயத்தின் முறை உள்ளே இருப்பது தெரியும். ஒருவர் ஓர் அடியை எடுத்துப் பாட, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லாமல் அதற்கு மறுமொழி தருகிறார். அந்த மறுமொழி முடியும் முன்னரே முதற்குரல் மீண்டும் நுழைந்துவிடுகிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் பாடல்கள் ஆயிரம் இருக்கலாம். ஒருவர் பாடுவதை மற்றவர் உண்மையாகவே காதுகொடுத்துக் கேட்கிறார் என்ற உணர்வைத் தருபவை மிகச் சிலவே என்பது என் உறுதியான கருத்து. ‘எய்ன்ட் நோ மவுன்ட’னையே டயானா ராஸுக்காக ஆறு நிமிடப் பாடலாக, பேச்சும் பாட்டும் கலந்து, மெல்லத் தொடங்கி உச்சத்துக்கு ஏறும்படி மாற்றி அமைத்தார்கள், அது 1970-இல் அமெரிக்கப் பொதுப் பட்டியலில் முதலிடத்தை அடைந்தது.

சிம்ப்சன் தனியாகப் பாடிய இரண்டு ஆல்பங்கள் 1971-இலும் 1972-இலும் வந்தும் பெரிதாகப் பேசப்படவில்லை. 1973-இல் இருவரும் மோடவுனைவிட்டு விலகி, வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் தம் சொந்தக் குரலில் பாடத் தொடங்கினார்கள்; 1974-இல் திருமணம் செய்துகொண்டார்கள். ‘சென்ட் இட்’ (1977), ‘இஸ் இட் ஸ்டில் குட் டு யா’ (1978), ‘ஸ்டே ஃப்ரீ’ (1979) ஆகிய மூன்று ஆல்பங்களும் தங்கத் தட்டு (அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகளுக்கான அங்கீகாரம்) பெற்றன. ‘சாலிட்’ ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடத்துக்கும், பொதுப் பட்டியலில் 12-ஆம் இடத்துக்கும் உயர்ந்தது என்றாலும், நீங்கள் அடுத்துக் கேட்க வேண்டியவை இந்த மூன்று ஆல்பங்களே என்பேன். ஆஷ்ஃபோர்டின் மெல்லிய உயர்குரல் இழைந்து வளைய, சிம்ப்சனின் குரல் தேவாலய வலிமையோடு எழுந்து முன்னே வருகிறது. பெண்குரலுக்கு ஆண்குரல் இப்படி மனமுவந்து இடம்விடுவது அக்காலப் பாடல்களில் அரிது. சொந்தமாகப் பாடத் தொடங்கிய பிறகும் அவர்கள் பிறருக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. சாகா கானுக்கு 1978-இல் எழுதிய ‘ஐ ஆம் எவ்ரி உமன்’ பாடலை 1992-இல் விட்னி ஹூஸ்டன் மறுபடி பாடியதை நீங்கள் கேட்டிருக்கவும் கூடும்.

கேள்வி: டாமி டெரல் நோயுற்றிருந்தபோது அவருக்குப் பதிலாகச் சிம்ப்சனே பாடினார் என்று படித்தேன். உண்மையா? (வாசகர், கோவை)

பதில்: டாமி டெரல் 1967 அக்டோபரில் மேடையிலேயே மார்வின் கேயின் கைகளில் மயங்கிச் சரிந்தார், மூளைக் கட்டி என்று தெரியவந்தது. பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின் 1970 மார்ச்சில், 24 வயதில் இறந்தார். இடையே 1969-இல் அவர்கள் இருவர் பெயரிலும் வெளிவந்த ‘ஈஸி’ ஆல்பத்தில் ஒலிக்கும் பெண்குரல் பெரும்பாலும் சிம்ப்சனுடையது என்று மார்வின் கே பின்னாளில் கூறினார். சிம்ப்சன் இதை மறுத்துவந்திருக்கிறார்: நம் திரையிசையில் ‘டிராக் பாடுவது’ என்கிறோமே, அதுபோலத் தாம் முன்கூட்டிப் பாடிக்காட்டியதாகவும், அதைக் கேட்டு டாமியே பாடிப் பதிவு செய்ததாகவும் அவர் சொல்கிறார். உரிமை கோரினால் தமக்கே புகழ் சேரக்கூடிய ஒன்றை அவர் மறுக்கிறார் என்பதால், அவர் சொல்லையே நான் ஏற்கிறேன்.

கேள்வி: அவர்கள் இறுதிவரை சேர்ந்து பாடினார்களா? (வாசகி, ஈரோடு)

பதில்: ஆம். 1985-இல் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பிலடெல்பியாவில் நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியில், கார் விபத்தில் உடல் செயலிழந்த பாடகர் டெடி பென்டர்கிராஸ் அதற்குப் பின் முதன்முறையாக மேடையேறியபோது உடன் நின்று பாடியவர்கள் இவர்களே. 1996-இல் நியூயார்க்கில் ‘ஷுகர் பார்’ என்ற உணவகத்தைத் திறந்து, புதிய பாடகர்களுக்கு அங்கே மேடை அமைத்துக் கொடுத்தார்கள். ஆஷ்ஃபோர்டு தொண்டைப் புற்றுநோயால் 2011 ஆகஸ்ட் 22 அன்று, 70 வயதில் காலமானார். சிம்ப்சன் அடுத்த ஆண்டே தனி ஆல்பம் ஒன்றை வெளியிட்டார்.