பந்தைப் பார்க்காமல் ஆட்டம் பார்க்கும் மகள்

மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு, சமீபத்தில் ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்த மகள். அப்பாவின் கையில் வழவழப்பான ஒரு விளம்பரக் கையேடு. வெளிநாட்டில் விளையாட்டு மேலாண்மைப் பட்டப்படிப்பு, அட்டையில் விளக்கொளியில் மின்னும் பெரிய மைதானம். மகளின் மடியில் மூலை மடங்கிய மூன்று நோட்டுகள்.

அவளுடைய தம்பி ஒரு கால்பந்து கிளப்பின் இளையோர் அணியில் ஆடியவன். 15 வயதில் கிளப் அவனை விடுவித்துவிட்டது. அவன் மைதானத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டான். அக்கா நிறுத்தவில்லை. வாரா வாரம் தனியாகப் போய், எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று, தம்பி இல்லாத அணியைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள். "பையன்கள் ஆடுவதைப் பார்க்க இவளுக்கு என்ன வேலை" என்று உறவில் பேச்சு கிளம்பிவிட்டது. பெரியப்பா கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்தான் என்கிறார். சித்தப்பா சமரசமாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்: "கால்பந்துதானே வேண்டும்? இந்த வெளிநாட்டுப் படிப்பில் சேர்த்துவிடு. பெயருக்குப் பெயரும் ஆச்சு." கட்டணத்துக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டும். அம்மா அழுதுவிட்டார்.

கவலைப்படாதீர்கள், நேரம் இருக்கிறது என்றுதான் நானும் ஆரம்பித்தேன். அப்புறம் நோட்டைப் புரட்டினேன். தம்பியைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. கிளப் அவனை விடுவிப்பதற்கு எட்டு மாதம் முன்பு எழுதியது. "வேகம் இருக்கிறது. பந்து வருவதற்கு முன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நெருக்கினால் பந்தை வலது காலுக்கு மாற்றுகிறான், அதற்குள் வழி அடைந்துவிடுகிறது. மற்றவர்கள் வளர்ந்துவிட்டால் இந்த வேகம் போதாது." கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படி எழுத எல்லோராலும் முடியாது. அதைப் படித்த பிறகு ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டேன். அந்த அப்பாவிடம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு பெற்றோருக்கும் பயன்படட்டும்.

ஐயா, அந்தக் கையேட்டின் பாடத்திட்டத்தை வரி வரியாகப் படித்தேன். டிக்கெட் விற்பனை, விளம்பரதாரர், மைதான நிர்வாகம், ஒப்பந்தச் சட்டம். எல்லாம் நல்ல பாடங்கள்தான், அந்த வேலையில் விருப்பம் இருப்பவர்களுக்கு. உங்கள் மகள் செய்ய நினைப்பது அதில் ஒரே ஒரு பாடமாகக்கூட இல்லை. கால்பந்து என்ற சொல் அட்டையில் இருப்பதாலேயே அது கால்பந்துப் படிப்பு ஆகிவிடாது. வீட்டை அடமானம் வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. படித்து முடித்ததும் அவள் நுழையப் போகும் துறையில் முதல் சில வருடங்களுக்கு வருமானம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் கடனும் தலைமேல் இருந்தால், அவளே அந்தத் துறையை விட்டு ஓடிவிடுவாள். பெரியப்பாவின் இன்ஜினீயரிங் யோசனைக்கும் ஒரு வார்த்தை: நோட்டில் ஒரு பக்கத்தில்கூட நிரல் எழுதும் ஆசை எனக்குத் தெரியவில்லை. அவளிடமும் கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டிவிட்டாள். எனக்கு அது போதும்.

பயிற்சியாளர், உடற்கல்வி ஆசிரியர், பிசியோதெரபி போன்ற வழிகளை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். நான் பேச நினைப்பது ஸ்கவுட் வேலையைப் பற்றி. பெயரைக் கேட்டதும் உங்களுக்குச் சாரணர் இயக்கம்தான் ஞாபகம் வந்தது. இது வேறு. கிளப்புக்காக இளம் ஆட்டக்காரர்களைப் போய்ப் பார்த்து, எடை போட்டு, எழுதிக் கொடுப்பவர்தான் கால்பந்து ஸ்கவுட். வெளியே போய்ப் புதியவர்களைத் தேடுபவர்கள் உண்டு. தங்கள் கிளப்பின் இளையோர் அணியையே தொடர்ந்து பார்த்து, யாரை அடுத்த வயதுப் பிரிவுக்கு ஏற்றலாம் என்று சொல்பவர்களும் உண்டு. உங்கள் மகள் இத்தனை நாளாகச் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருப்பது இந்த இரண்டாவது வேலை.

கிளப்புகளுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டீர்கள். ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் வேறொரு நாட்டுக் கிளப்புக்கு மாறினால், மாற்றுத் தொகையில் 5 சதவீதத்தை, 12 வயதிலிருந்து 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. விலைக்கு வாங்குவதைவிட வளர்ப்பது மலிவு என்பதும் உண்டு. 2010இல் உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்குக் கடைசிச் சுற்றில் நின்ற மெஸ்ஸி, இனியெஸ்டா, ஷாவி மூவரும் பார்சிலோனாவின் ஒரே இளையோர் அகாடமியிலிருந்து வந்தவர்கள். அந்த மூவரையும் சிறுவர்களாக யாரோ ஓரமாக நின்று பார்த்து, சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தவறாகச் சொன்ன கதைகளும் நிறைய. ஹாரி கேன் 1993 ஜூலை 28 அன்று பிறந்தவர். இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டம்பரில் தொடங்கி ஆகஸ்டில் முடிகிறது. அப்படியென்றால் தன் பிரிவில் கிட்டத்தட்டக் கடைசிப் பிள்ளை அவர். ஆர்சனல் கிளப் அவரை 8 வயதில் விடுவித்தது. பிற்பாடு இங்கிலாந்து அணிக்காக அதிக கோல் அடித்தவர் அவர்தான். பிரெஞ்சு ஆட்டக்காரர் கிரீஸ்மானைப் பிரான்ஸின் பல கிளப்புகள் உயரம் போதாது என்று திருப்பி அனுப்பின. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்த ஸ்பெயின் கிளப் ரியால் சோசியேடாட் அழைத்துக்கொண்டது. 2018இல் அவர் பிரான்ஸுக்கு உலகக் கோப்பை வென்று கொடுத்தார்.

கேனின் கதையில் இருப்பது வெறும் துரதிர்ஷ்டம் இல்லை. ஒரே பிரிவில் வருடத்தின் தொடக்கத்தில் பிறந்தவனுக்கும் கடைசியில் பிறந்தவனுக்கும் ஏறக்குறைய 12 மாத வித்தியாசம். 10 வயதில் அது மிகப் பெரிய இடைவெளி. உலகம் முழுக்க இளையோர் அணிகளில் வயதுப் பிரிவின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இதற்கு மேல் பருவ வளர்ச்சி வேறு. பையன்கள் சராசரியாக 14 வயதை ஒட்டி வேகமாக உயர்கிறார்கள், பெண்கள் 12 வயதை ஒட்டி. சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். அந்தச் சமயத்தில் கால் நீண்டு, உடம்பு தன் பழைய கணக்கை மறந்துவிடும். நேற்று வரை பந்தை ஒட்டிக்கொண்டு ஓடியவன் இன்று தடுமாறுவான். விவரம் தெரியாதவர் 'ஆட்டம் போய்விட்டது' என்று எழுதுவார். விவரம் தெரிந்தவர் 'ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவும்' என்று எழுதுவார். இங்கிலாந்தின் அகாடமிகள் சில, பிறந்த தேதியை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சியை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து ஆட விட்டுப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

ஆகவே உன் நோட்டில் உடனே சேர்க்க வேண்டியது இது, மகளே: ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்த மாதம். கிளப்பிடம் கேட்டால் கிடைக்கும் விவரம் இது, கிடைக்காவிட்டால் இடத்தைக் காலியாக விடு. அடுத்தது, 22 பேரையும் பார்க்காதே. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று. ஆட்டம் தொடங்க அரை மணி முன்னால் போ. உடல் சூடேற்றும்போது யார் அக்கறையாகச் செய்கிறார்கள், யார் கோச் திரும்பியதும் நிறுத்திவிடுகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். விசில் ஊதியதும் பந்தை மறந்துவிடு. 90 நிமிடத்தில் ஓர் ஆட்டக்காரரின் காலில் பந்து இருப்பது சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் அவர் எங்கே நிற்கிறார், எதைப் பார்க்கிறார், எப்போது நகர்கிறார் என்பதில் இருக்கிறது ஆட்டம்.

தம்பி திரும்பிப் பார்க்கவில்லை என்று நீயாகவே கண்டுபிடித்தாயே, அதையே வேலையாகச் செய்தவர் நார்வே நாட்டு ஆய்வாளர் கெயிர் யோர்டெட். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் நடுக்களத்தில் ஆடும் மிட்ஃபீல்டர்களின் காணொளிகளைப் பார்த்து, பந்து வருவதற்கு முன் தலையைத் திருப்பி எத்தனை தடவை சுற்றிலும் பார்க்கிறார்கள் என்று எண்ணினார். அதிகம் பார்த்தவர்களின் பாஸ்களே அதிகம் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தன. இதை எண்ண எந்தக் கருவியும் வேண்டாம். பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போகலாம்.

தொலைக்காட்சியிலோ காணொளியிலோ மட்டும் பார்த்து இதைக் கற்க முடியாது. கேமரா பந்தின் பின்னாலேயே போகும். காணொளி, நேரில் பார்த்ததைச் சரிபார்க்க. ஒரே பையனைச் சொந்த மைதானத்தில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை, மழையில் ஒருமுறை, பலமான எதிரணியோடு ஒருமுறை பார்க்காமல் முடிவு எழுதாதே. கோல் விட்ட அடுத்த நிமிடம் அவன் என்ன செய்கிறான், மாற்றி வெளியே அழைத்தால் கோச்சின் கையைத் தொடுகிறானா, தப்பான பாஸ் கொடுத்த கூட்டாளியைப் பார்த்துக் கையை விரிக்கிறானா. இவையும் ஆட்டம்தான். அயாக்ஸ் கிளப் நான்கு சொற்களில் அளவுகோல் வைத்திருக்கிறது: நுட்பம், ஆட்ட அறிவு, ஆளுமை, வேகம். உடம்பின் பருமன் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனி.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "திறமையான பையன், நல்ல எதிர்காலம்" என்று எழுதினால் கிளப்பில் ஒருவரும் படிக்க மாட்டார்கள். "இடது டிஃபென்டர். முதல் தொடுதலிலேயே பந்தை முன்னால் தள்ளுகிறான், 7 தடவையில் 5. பின்னால் ஓடி வருபவரை இரண்டு தடவை தவறவிட்டான், இரண்டும் களைத்த கடைசிப் பத்து நிமிடத்தில்" என்று எழுதினால் அதை வைத்து ஒருவர் முடிவெடுக்கலாம். கடைசி வரியில் ஒரு முடிவு இருக்கத்தான் வேண்டும்: எடுக்கலாம், மறுபடி பார்க்கலாம், விடலாம். ஒவ்வொரு முடிவுக்கும் தேதி போட்டு வை. ஒரு வருடம் கழித்துத் திறந்து பார். எங்கே தவறினாய் என்று எழுது. வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழோடு அந்த நோட்டையும் கொண்டுபோ. உன் கணிப்புகளில் தவறியவற்றையும் மறைக்காமல் காட்டினால் அவர்கள் உன்னை நம்புவார்கள்.

சரி, படிப்பு? வீட்டிலிருந்து போய்வரக்கூடிய, கட்டணம் கையைக் கடிக்காத கல்லூரியில் புள்ளியியல், உளவியல், உடற்கல்வி அறிவியல், இந்த மூன்றில் ஒன்று. எண்களோடு பழகுவதில் அவளுக்குப் பயம் இல்லை என்பதால் என் வாக்கு புள்ளியியலுக்கு. ஸ்கவுட் வேலை கிடைக்காவிட்டாலும் அந்தப் பட்டம் அவளைக் காப்பாற்றும். திறன் கண்டறிதலுக்கென்றே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் படிப்படியான பயிற்சிகள் நடத்துகிறது. அதுபோன்ற குறுகிய பயிற்சிகளைப் பின்னால் ஒவ்வொன்றாக, சொந்தச் சம்பாத்தியத்தில் முடிக்கலாம்.

வருமானத்தைப் பற்றி உங்களிடம் மறைக்க மாட்டேன். இந்த வேலையில் பெரும்பாலோர் பகுதி நேரமாகத்தான் தொடங்குகிறார்கள். பலருக்குப் போக்குவரத்துச் செலவு மட்டும் கிடைக்கும். முழுநேரப் பதவிகள் குறைவு, போட்டி அதிகம். அதனால் வேறொரு சம்பளம் கையில் இருக்க வேண்டும், வார இறுதி இதற்கு. போக்குவரத்துச் செலவுகூடக் கொடுக்காமல் மாதக்கணக்கில் அலைய விடும் கிளப்பாக இருந்தால் மரியாதையாக விலகிவிட வேண்டும். உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு 'ஸ்கவுட் ஆக்குகிறேன்' என்று ஒருவர் வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

அவள் ஒருபோதும் செய்யக் கூடாதது ஒன்று. எந்தப் பிள்ளையிடமும், எந்தப் பெற்றோரிடமும் நேரில் போய் வாக்குக் கொடுக்கக் கூடாது. எல்லாம் கிளப் வழியாகத்தான். இவர்கள் சிறுவர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை நாடு விட்டு நாடு கிளப் மாற்றுவதை, சில விதிவிலக்குகள் தவிர, ஃபிஃபா தடை செய்திருக்கிறது. பிள்ளைகளோடு தொடர்புள்ள வேலை என்பதால் ஒழுங்கான கிளப் அவளுடைய பின்னணியை விசாரிக்கும், குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்கும். கேட்காத கிளப்பில் சேர வேண்டாம். நோட்டையும் பத்திரமாக வைக்கச் சொன்னேன். ஒரு பையனைப் பற்றி 'விடலாம்' என்று எழுதிய பக்கம் அவன் கண்ணில் படக் கூடாது. தம்பியின் பக்கத்தைச் சொல்லும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் இன்னும் அதைப் படிக்கவில்லையாம்.

"பையன்களைப் பார்க்கப் போகிறாள்" என்ற பேச்சுக்கு அம்மாதான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். பெண்கள் கால்பந்திலும் இளையோர் அணிகள் பெருகி வருகின்றன. அங்கே வளர்ச்சியின் காலக்கணக்கே வேறு என்பதால், அதைத் தெரிந்து பார்க்கும் கண்களுக்குத் தேவை இருக்கிறது. அவள் இரண்டு பக்கமும் பார்க்கட்டும். உறவினர்கள் கேட்டால், கையில் நோட்டோடு போகிறவள் வேலைக்குப் போகிறாள் என்று சொல்லுங்கள்.

இரண்டு வருடம் என்று கணக்கு வைத்திருக்கிறோம். அதற்குள் 40 ஆட்ட அறிக்கைகள், ஒரு கிளப்பிலாவது பகுதி நேர வாய்ப்புக்கான முயற்சி, கல்லூரியில் ஒரு பாடமும் பாக்கி இல்லாமல். பிறகு மறுபடி உட்கார்ந்து பேசுவோம்.

அப்பா கையேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இதில் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அவளோடு போங்கள் என்றேன். உங்களுக்கும் ஒரு நோட்டு. இருவரும் ஒரே பையனைத் தேர்ந்தெடுத்து, 90 நிமிடமும் பேசிக்கொள்ளாமல் அவனை மட்டும் பார்த்து எழுதுங்கள். ஆட்டம் முடிந்ததும் நோட்டை மாற்றிக்கொண்டு படியுங்கள்.